ஸ்தோத்திரம் என்று முடிகிற பாட்டு

பிப்ரவரி 5, திங்கள்

இன்று ஒரு சினிமாப் பாட்டுப் பாடிவிட்டேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

இந்த டைரி சபையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வேத வசனம் அச்சாகியிருக்கிறது. இன்றைய வசனத்தை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொன்னது பொய் இல்லை. காலையில் பாடியது ஆண்டவருடைய பாட்டுத்தான். சைலஸ் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, ஸ்டூடியோக்களில் கீபோர்டு வாசிக்கிறவர். எங்கள் சபைக்கு வராமல், மணியடிக்கிற பழைய சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் அப்பா அவரிடம் அளந்துதான் பேசுவார். ஆனாலும் ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்குக் கோரஸ் பாட நான் வேண்டும் என்று மாமா கேட்டபோது, "ஊழியத்துக்குன்னா போகட்டும்" என்றார். கோரஸ் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கிளம்பும்போது பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். காலில் செருப்பில்லை. கையில் பாதி தின்ற வாழைப்பழம். அவர்தான் இசையமைப்பாளர் நிருபன் என்று மாமா பிறகு சொன்னார்.

"சைலஸ், டிராக் பாட வர்ற பொண்ணுக்கு ஜுரமாம். இந்தப் பாப்பா பாடுமா?"

டிராக் என்றால் என்ன என்று மாமா விளக்கினார். பெரிய பாடகி பம்பாயிலிருந்து வந்து பாடும்வரை, மெட்டு இப்படித்தான் என்று காட்ட வேறு யாராவது பாடி வைப்பார்களாம். அவர் பாடியதும் இதை அழித்துவிடுவார்களாம். "உன் குரல் படத்துல வராது கெசி. போர்டுல சாக்பீஸ்ல எழுதுற மாதிரி."

அழித்துவிடுவார்கள் என்பதால்தான் சம்மதித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

படம் எழுபதுகளில் ஒரு ரயில்வே காலனியில் நடக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, சனிக்கிழமைகளில் இன்ஸ்டிட்யூட் என்கிற ரயில்வே கிளப் ஹாலில் நடக்கும் ஆட்டத்தை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்து, ஒருநாள் உள்ளே போகிறாள். அந்த நாளுக்கான பாட்டு இது. அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் அப்படியே வேண்டும் என்று டைரக்டர் கேட்டிருக்கிறார். ஹெட்போனை மாட்டியதும் கிடார் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஆரம்பித்தது. பியானோவை யாரோ வாசிக்கவில்லை, அடித்தார்கள். நடுவில் சாக்ஸபோன், வாய்விட்டுச் சிரிக்கிற தடித்த ஆளைப்போல வந்து போனது.

முதல் தடவை எனக்குக் குரலே வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னபோது வராமல் போனதே, அதேபோல. அதற்கப்புறம் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடத்தை நான் விட்டதற்கு அது மட்டும் காரணமில்லை.

நிருபன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "பாப்பா, இது அழகா பாடுற பாட்டு இல்ல. ஓடுற ரயில்ல படியில நின்னுட்டு, எதிர் ரயில்ல போறவங்களப் பாத்துக் கத்தினா எப்படி இருக்கும்? அப்படிப் பாடு."

கண்ணை மூடிக்கொண்டேன். ஆராதனை சூடு பிடிக்கும்போது சபையில் கைதட்டுவோமே, அப்படித் தட்டினேன். குரல் வந்தது.

*சனிக்கிழம சாயங்காலம் சிக்னல் விழுந்தாச்சு,
என் செருப்பு ரெண்டும் என்னக் கேக்காம உள்ள போயாச்சு.*

முடிந்ததும் நிருபன் வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இந்தக் கைத்தட்டு எங்க கத்துக்கிட்ட?"

"சபையில."

"எந்த சபா? மயிலாப்பூரா?"

"எங்கப்பா சபை சார். அயனாவரம். மொட்டமாடியில."

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கடைசிக் கிடார் நரம்பு ஓய்கிற நேரத்தில் என் வாயில் 'ஸ்தோத்திரம்' என்று வந்துவிட்டது. சபையில் எந்தப் பாட்டு முடிந்தாலும் மைக்கைத் தாழ்த்துமுன் அப்படிச் சொல்லியே பழக்கம். மெதுவாகத்தான் சொன்னேன். ஆட்டத்துக்கான பாட்டின் வாலில் போய் அதைச் சொல்லிவிட்டேன்.

எப்படியும் அழித்துவிடுவார்கள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு சேலைக்கு ஃபால்ஸ் தைத்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று பெனினாள் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து பாடினாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் போன மழைக்காலம் ஞாபகம் வருகிறது. கல்லூரி விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடினாள் என்று யாரோ வீடியோ காட்டிவிட்டார்கள். அப்பா சபையில் அவள் பெயரை மைக்கில் சொன்னார். அதன்பிறகு மழைக்காலம் முடியும்வரை அவள் கடைசிப் பாயில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைக் பிடிக்கக் கூடாது. மாத முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் அவளைத் தாண்டிப் போய்விடும். பெயரைச் சொன்ன அன்று அப்பாவின் குரல் நடுவில் உடைந்தது. உடைந்தும் முழுப் பெயரையும் சொல்லி முடித்தார்.

"என் வீட்டுக்கு ஒரு நியாயம், விசுவாசிங்களுக்கு ஒரு நியாயம்னு வெச்சா நான் ஊழியக்காரனே இல்ல." இதை அப்பா அடிக்கடி சொல்வார்.

அப்பா என்னை அடித்ததே இல்லை. அடிக்கிற அப்பாவாக இருந்தால் இவ்வளவு பயமாக இருக்காது. மைக்கில் என் பெயரைச் சொல்லும்போது அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பாட்டுக்கு நடுவிலேயே நினைத்தேன். வரியை விட்டுவிட்டேன். சபையில் நான் பாடும்போதுதான் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்த மைக்கும் போய்விட்டால் எனக்கு எதுவும் இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

அப்பா விசுவாசிகளின் வீடுகளைச் சந்திக்கப் போயிருந்த நேரத்தில் மாமா வந்தார். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தம்மா வந்து பாடிட்டாங்க கெசி. டைரக்டருக்குப் புடிக்கல."

"ஏன்?"

"நல்லா பாடிட்டாங்களாம். அதான் பிரச்சனை. முதல்முதலா உள்ள போற பொண்ணோட பயம் இதுல இல்ல, அந்த டிராக்ல இருக்கு, அதையே வெச்சுக்கலாம்ங்கிறாரு."

அம்மா முன்னால் இதைச் சொல்கிறாரே என்பதுகூடப் பிறகுதான் உறைத்தது. "அழிக்கச் சொல்லுங்க மாமா" என்றேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "சாக்பீஸ்னு சொன்னீங்களே. அழிக்கச் சொல்லுங்க."

அம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சைலஸ், மீன் தண்ணிய ஊத்தணும், வா கீழ" என்று பாத்திரத்தோடு எழுந்தாள். படிக்கட்டில் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். மாமா அப்படியே போய்விட்டார். அம்மா மேலே வந்து கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சொல்லிட்டேன், போ. அப்பாகிட்ட எதுவும் உளறாத" என்றாள்.

அம்மா என்னைத் திட்டாதது ஆச்சரியமாக இருக்கிறது. பெரிய பாரம் இறங்கியது.

பிப்ரவரி 21, புதன்

இந்நேரம் அழித்திருப்பார்கள். அந்தப் பியானோ மட்டும் மண்டைக்குள் இன்னும் ஓடுகிறது. பாத்திரம் தேய்க்கும்போது கை அதற்குத் தகுந்த மாதிரி போகிறது. கையைக் கழுவிவிட்டு ஜெபம் செய்தேன்.

மார்ச் 2, சனி

இதைச் சிரிக்காமல் எழுத வேண்டும்.

தையல் கடைக்குச் சேலைகளைக் கொடுத்துவிட்டு வந்தால் வீடு திறந்திருக்கிறது. அப்பா வாசலில் விட்ட செருப்பு இருக்கிறது. அம்மாவின் செருப்பும் இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. முருங்கைக்காய் பாதி வெட்டியபடி கிடக்கிறது. அப்பாவின் கண்ணாடி விரித்த வேதாகமத்தின் மேல் இருக்கிறது. ஆள் இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. கீழே வீட்டுக்காரர் வீட்டிலும் சத்தம் இல்லை. தெருவில்கூட ஒருவரும் இல்லை.

அப்பா எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறார். ஆண்டவருடைய இரண்டாம் வருகை அப்படித்தான் இருக்கும். இமைக்கிற நேரத்தில் பரிசுத்தவான்கள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். போட்டது போட்டபடி கிடக்கும். கைவிடப்பட்டவர்கள் மட்டும் தரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்பா அம்மா போய்விட்டார்கள், நான் மட்டும் நிற்கிறேன் என்று புரிந்தது. எதனால் என்றும் புரிந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் இனிமேல் அணைத்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மொட்டைமாடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "சிண்டெக்ஸ் மூடி பறந்துடுச்சுங்க, அந்தப் பக்கம் புடிங்க!" காற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி மூடி கழன்றுபோக, இரண்டு பேரும் வெறுங்காலோடு மேலே ஓடியிருக்கிறார்கள்.

அப்பா இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா தரையில உக்காந்திருக்க? வெயிலு அடிச்சுடுச்சா?" தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 3, ஞாயிறு

திருவிருந்து. தகுதியில்லாமல் எடுத்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்று அப்பா வாசித்தார். அழித்தாயிற்றே என்று நினைத்து எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 15, வெள்ளி

அழிக்கவில்லை.

கீழ் வீட்டு ரஷீதா, வீட்டுக்காரர் காதர் பாயின் மகள், கையில் போனோடு படியேறி வந்தாள். "ஏய் கெசி, இந்தப் பாட்டக் கேளேன், இன்னிக்குத்தான் வுட்ருக்காங்க" என்று காதில் வைத்தாள். தகரக் கூரையில் மழை. பியானோ. அப்புறம் நான்.

என் குரல் வெளியிலிருந்து என்னிடம் வருவதை அதுவரை கேட்டதில்லை. வேறு யாரோ தைரியசாலி பாடுவதுபோல இருந்தது. கடைசியில் கிடார் ஓய, அதற்கு அடியில், மூச்சு மாதிரி: ஸ்தோத்திரம்.

"உனக்குச் சினிமாப் பாட்டே புடிக்காதே, மறந்துட்டேன்" என்று ரஷீதா போனை எடுத்துக்கொண்டாள். "ஏண்டி முகம் இப்படிப் போவுது? ஒரு பாட்டு கேட்டா உங்க சாமி அடிச்சிடுமா?"

அம்மா என்ன சொன்னாள், மாமா என்ன செய்தார், தெரியவில்லை. மாமா போனை எடுக்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

ஆட்டோவில் கேட்டேன். இஸ்திரி போடுகிறவரின் வண்டியில் கேட்டேன். அப்பாவோடு நடந்து போகும்போது டீக்கடையில் ஆரம்பித்தது. நான் வேகமாக நடந்தேன். அப்பா, "என்ன அவசரம்?" என்றார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனதால் தப்பித்தேன்.

மார்ச் 20, புதன்

மத்தியானம் கீழ் வீட்டில் பாட்டு ஓடியது. அப்பா கூடத்தில் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அதே நேரம் அம்மா மிக்ஸியைப் போட்டாள்.

மார்ச் 21, வியாழன்

இன்றும் அதேபோல. நல்லவேளை, மிக்ஸி.

மார்ச் 23, சனி

இன்று மூன்று தடவை அம்மா மிக்ஸி போட்டாள். கடைசித் தடவை நான் சமையலறைக்குள் போனேன். ஜாரில் ஒன்றும் இல்லை. வெறும் ஜார் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்து நின்றாள். "மிக்ஸி கெட்டுப்போச்சான்னு பாத்தேன்" என்றாள்.

மிக்ஸியில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

மார்ச் 27, புதன்

வாடகையைக் கொடுக்கக் கீழே போனேன். காதர் பாய் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டின் காட்சி. சுவரோடு சுவராக ஒரு பெண் நிற்கிறாள். புள்ளி போட்ட கவுன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கூட்டம் விலக, ஒரு அடி எடுத்து வைக்கிறாள். வாயைத் திறக்கிறாள். என் குரல் வருகிறது. ஆண்டவர் எனக்குத் தந்ததை யாரோ என் கழுத்திலிருந்து எடுத்து அவள் கழுத்தில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் கடைசிவரை பார்த்தேன். காதர் பாய் நிற்கச் சொன்னதால்தான் நின்றேன்.

காதர் பாய் ரயில்பெட்டி பழுதுபார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதே மாதிரிதாம்மா. சனிக்கிழமையானா இன்ஸ்டிட்யூட்ல பேண்டு அடிப்பாங்க. அப்ரண்டிஸ் பசங்கள உள்ள வுட மாட்டாங்க. நாங்க சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு ஆடுவோம். எவன் எவனோ செத்துட்டான். இந்தப் பொண்ணு யாருன்னு தெரியல, அந்த சைக்கிள் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய் வுட்டுருச்சு."

ரஷீதா உள்ளேயிருந்து கத்தினாள். "வாப்பா, நீ ஆடினத அம்மாகிட்ட சொல்லவா?"

"சொல்லேன். அவளப் பாக்கத்தான் ஆடினேன்."

நான் படியேறும்போது ரஷீதா பின்னால் வந்தாள். "பாடினது யாருன்னு போட்டுருக்கான் பாரு. எப்சிபாவாம். உங்கம்மா பேருல்ல?"

போனை வாங்கிப் பார்த்தேன். பாடகர்: எப்சிபா.

"ஊருல எத்தன எப்சிபாவோ" என்றேன். ரஷீதா என்னையே பார்த்தாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள்.

ஏப்ரல் 4, வியாழன்

சாயங்காலம் மூப்பர் சாலொமோன் வந்தார். சபையில் அப்பாவுக்கு அடுத்தவர். நான் படுக்கையறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். டீ வேண்டாம் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

"ஸ்தோத்திரம் பாஸ்டர். ஒரு கஷ்டமான காரியம். சபையில நாலு பேர் பேசுறாங்க. நீங்களே கேட்டுருங்க."

போனை எடுத்து நடுவில் வைத்தார். அம்மா சமையலறைக்கு ஓடுவது கேட்டது. மிக்ஸி ஸ்விட்சைத் தட்டுகிற சத்தம். மறுபடி மறுபடி தட்டினாள். கரண்ட் இல்லை.

எங்கள் வீட்டுக்குள் முதல் தடவையாகச் சினிமாப் பாட்டு. முழுக்க ஓடியது. திரையைப் பிடித்திருந்தேன், வளையங்கள் கம்பியில் கிலுகிலுவென்று ஆடின. கடைசி நரம்பு ஓய்ந்து, அந்த வார்த்தை வந்தது.

"ஸ்தோத்திரம்" என்றார் மூப்பர், பழக்கத்தில். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா போனைப் பார்த்துவிட்டு மூப்பரைப் பார்த்தார்.

"பேரு எப்சிபான்னு போட்டிருக்கு பாஸ்டர்."

"நான்தான் பாடினேன்." அம்மா சமையலறை வாசலில் நின்றாள்.

மூப்பர் இருமினார். அம்மா பாட ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் மெட்டு மறந்துவிடும் என்பது சபைக்கே தெரியும். அம்மா அதற்காக வாயை அசைத்துக்கொண்டு மட்டும் நிற்பாள்.

"நீயா?" என்றார் அப்பா.

"ஆமாங்க."

"ரெண்டு வரி பாடு."

அம்மா பாடினாள். சனிக்கிழமையில் ஆரம்பித்து எங்கேயோ போனாள். மூப்பர் கீழே குனிந்து செருப்பைத் தேடுவதுபோல இருந்தார், தோள் குலுங்கியது. அப்பா சிரிக்கவில்லை.

"சரி. நீ சொன்னத அப்படியே ஞாயித்துக்கிழம சபையில சொல்வேன். நீதான் விலகிக் கடைசிப் பாய்ல உக்காரணும். வேற யாரும் எந்திரிச்சு வேற எதுவும் சொல்லலன்னா."

அதைச் சொல்லும்போது அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார்.

ஏப்ரல் 5, வெள்ளி

அம்மா துணி காயப்போடும்போது கேட்டேன். "அழிக்கச் சொன்னேன்னு சொன்னியே."

"சொல்லிட்டேன்னுதான் சொன்னேன். என்ன சொன்னேன்னு நீ கேக்கல." வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டே பேசினாள். "சைலஸ் போன்ல போட்டுக் காமிச்சான். வெச்சுக்கடான்னு நான்தான் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். பேரு போட்டே ஆகணும்னாங்க, என் பேர போடுன்னேன்."

"ஏம்மா?"

"இஸ்கூல்ல ஊமைன்னு பேரு வெச்சாங்கள்ல?"

நான் அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

"எனக்குத்தான் பாட வரல. வர்றத அழிக்கச் சொல்லி நானே எப்படிச் சொல்றது?" அப்பாவின் வெள்ளைச் சட்டையை உதறினாள். "நீ ஞாயித்துக்கிழம வாயத் தொறக்காத. கடைசிப் பாய்ல உக்காந்தா எனக்கென்ன, காத்து நல்லா வரும்."

ஏப்ரல் 6, சனி

மூன்று பேருக்கும் வெள்ளை உடுப்பு இஸ்திரி போட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு 'நான்தான்' என்று சொல்லிப் பார்த்தேன். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன். வாளி நிரம்பி வழிந்ததுதான் மிச்சம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பாடகர் வரிசையில் மைக்கோடு நின்றேன். அப்பா திருவிருந்துக்கு முன் மைக்குக்கு வந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை சுட்டுக்கொண்டிருந்தது. விசிறி மட்டைகள் எல்லாம் நின்றுவிட்டன. எல்லோருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. எனக்கு இப்போது தோன்றுகிறது, பாடியது யார் என்பதும் தெரிந்திருந்தது.

"சகோதரி எப்சிபா ஒரு காரியத்த ஒத்துக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தார். அந்தக் குரல்தான். நான் பயந்த அதே குரல். பெயர்தான் வேறு.

அம்மா எழுந்துவிட்டாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தாள். பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் என் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் புஸ் புஸ் என்று கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அப்பா பேச்சை நிறுத்தினார். காத்திருந்தார். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார் என்று முகத்தில் தெரிந்தது. அம்மா பாதி வழியில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நான்தான்."

மைக் கீச்சிட்டது.

"யாரு?" என்றார் அப்பா.

"நான்தான்ப்பா... பாஸ்டர். நான்தான் பாடினேன். அம்மாவுக்கு மெட்டே வராது."

எங்கோ ஒரு பிள்ளை சிரித்தது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"முழுப் பேரச் சொல்லு."

"தீத்து கெசியா." அப்பாவின் பெயரும் சேர்ந்ததுதான் என் முழுப் பெயர்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு சொன்னார். கெசியா சினிமாப் பாட்டுப் பாடியதால் மைக் பிடிக்கக் கூடாது, திருவிருந்தில் கலந்துகொள்ளக் கூடாது. எப்சிபா பொய் சொன்னதால் அவளும் கலந்துகொள்ளக் கூடாது. பெனினாள் அக்காவுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். என் பெயரில் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு நடந்தேன். கடைசிப் பாயில் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். "சொன்னேனே, தொறக்காதன்னு." ஆனால் கையை விடவில்லை.

அப்பா அப்பத்தைப் பிட்டார். தட்டும் கிண்ணமும் வரிசை வரிசையாக வந்தன. எங்களுக்கு முன்வரிசை வரை வந்து திரும்பின. கடைசியில் ஊழியக்காரர் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அப்பா கிண்ணத்தை எடுத்தார், பார்த்தார், மூப்பர் சாலொமோன் கையில் கொடுத்தார்.

"என் வீட்டயே எனக்கு விசாரிச்சு நடத்தத் தெரியல. நீங்க முடிச்சு வைங்க."

"பாஸ்டர், நீங்க..."

அப்பா நடந்து வந்தார். ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில், எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நடைபாதை மட்டும் இருக்க, வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சபையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. அங்கே அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். உட்கார்ந்ததும் சின்னவராகத் தெரிந்தார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் விழித்து, அவரைப் பார்த்து நேராக உட்கார்ந்தான்.

மூப்பர் தடுமாறி ஜெபித்து முடித்தார். அடுத்து பாட்டு. பாடகர் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பிப்பது எப்போதும் நான்தான். "யாராச்சும் ஒரு பாட்டு எடுங்களேன்" என்றார் மூப்பர், கெஞ்சுகிற மாதிரி. யாரும் எடுக்கவில்லை. கீழே தெருவில் ஒரு ஆட்டோ போவது கேட்டது. அம்மா வாயைத் திறந்தாள், முன்வரிசைப் பெண் திரும்பி அவசரமாக அவள் முழங்காலைத் தொட்டு நிறுத்தினாள்.

அப்பா முன்னால் பார்த்தபடியே சொன்னார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எடு."

"கூடாதேப்பா."

"மைக்குதான் கூடாதுன்னேன். உக்காந்த எடத்துலருந்து எந்த விசுவாசியும் பாட்டு எடுக்கலாம். அது சபை ஒழுங்கு." கொஞ்சம் நிறுத்தினார். "மெதுவா எடு."

எனக்கு மெதுவாகப் பாட வராது. அது அப்பாவுக்குத் தெரியும்.